வாயில் ஸ்க்ரூ இருந்தபோது

ஜூன் 9

வீட்டுக்காரருக்கு,

உங்கள் முதல் கடிதம் வந்தது. முழுதாக இரண்டு பக்கம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நீங்கள் என்னோடு இவ்வளவு பேசியதே இல்லை. உங்கள் போனை வாங்கிப் பூட்டி வைத்த ஊழிய நிலையத்துக்காரர்களுக்கு ஒரு கும்பிடு.

வியாழக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் வாசித்தேன். உறையைக்கூடப் பிரிக்காமல் ஒட்டியது ஒட்டியபடியே கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் கிழித்தேன். "மொதல்ல நீ ஒரு தடவை படிச்சுட்டு வரக்கூடாதாடி?" என்று மாடிவீட்டக்கா கேட்டார். "ஊழியக்காரர் கடிதம் சபைக்குத்தானேக்கா வருது, எனக்கா வருது?" என்றேன். போதகரம்மா அதைக் கேட்டுத் தலையாட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்போது ஜன்னல் பக்கத்து நாற்காலியை எனக்கென்றே விட்டு வைக்கிறார்கள்.

வீடு வீடாகப் போய் வேதம் சொல்லும் இந்த ஒரு வருடம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும், கவனம் சிதறாமல் இருந்தால். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? டீக்கடையில் பேப்பர் கிடந்தால் விளையாட்டுப் பக்கத்தைத் தேடாதீர்கள். சாப்பிட்டதும் சுவரில் சாயாதீர்கள். யாராவது அரசியல் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். சிரித்துப் பேசும் பெண்கள் இருக்கும் வீட்டில் உங்களோடு வரும் வாத்தியாரை முன்னால் விடுங்கள். அவருக்கு வயதாகிவிட்டது, பாதகமில்லை.

நான் எழுதும் கடைக் கணக்கு நோட்டு சும்மா கிடக்கிறது. கடைக்கு ஆட்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். "தையல் மிஷின் ரிப்பேர் பண்றவர் எப்ப வருவார்?" "அவர் இப்ப மனுஷங்களை ரிப்பேர் பண்ணப் போயிருக்கார்" என்று சொல்லி அனுப்புகிறேன்.

இன்னொன்று. நான் பெட்டியில் மடித்து வைத்த பச்சைத் துண்டைப் பிரித்திருப்பீர்கள். தொழில் சாமான் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று நிலையத்தில் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. ஒரே ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர்தானே. அது இல்லாமல் உங்கள் சட்டைப்பை எனக்கு மூளியாகத் தெரிந்தது. இதைப் பற்றி மட்டும் பதில் எழுதாதீர்கள். வாசிக்கும்போது வாயில் வந்துவிடும்.

உங்கள்
கணக்குப்பிள்ளை


ஜூன் 24

கணக்குப்பிள்ளைக்கு,

இதை நீ மட்டும் படி. கூட்டத்துக்கு வேறு எழுதி அனுப்புகிறேன்.

நீ பயந்தது எதிலும் நான் விழவில்லை. பேப்பர் இல்லை, தூக்கம் இல்லை. சிரித்துப் பேசும் பெண்களும் இல்லை. நீ பயப்படாத ஒன்றில் விழுந்துவிட்டேன்.

எனக்குக் கதவைத் தட்ட வரவில்லை. தட்டிவிட்டு நிற்கும்போது, உள்ளே காலடிச் சத்தம் கேட்டதும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் வாக்கியம்கூட மறந்துபோகிறது. வாத்தியார்தான் பேசுவார். நான் பக்கத்தில் குடை மாதிரி நிற்பேன்.

ஒரு வீட்டில் தையல் மிஷின் ஒன்று கிழட்டு இருமல் மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்கவில்லை. "நான் பார்க்கட்டுமா?" என்றேன். இந்த ஊரில் வந்து நான் தைரியமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். மறுநாள் அடுத்த வீட்டில் கூப்பிட்டார்கள். இங்கே வீட்டுக்கு வீடு தைக்கிறார்கள். ஒரு வாரத்தில் நாங்கள் தெருவில் திரும்பினாலே "மிஷின்காரர் வந்துட்டார்" என்று சத்தம் கேட்கும். கதவெல்லாம் திறந்தது. நாற்காலி போட்டார்கள். நான் அதை ஊழியத்தின் கணக்கில் எழுதிக்கொண்டேன். வாத்தியார் ஒருநாள் நடக்கும்போது கேட்டார்: "நீங்க கதவு தட்டறப்ப உள்ள யாரு இருக்காங்கன்னு பார்க்கறீங்களா, எது இருக்குன்னு பார்க்கறீங்களா?" நான் சிரித்து மழுப்பினேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு டெய்லரம்மா வீடு. தனியாக இருக்கிறவர், அதிகம் பேசாதவர். வாத்தியார் வாசலில் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து மிஷினின் தலையைச் சாய்த்து, கழற்றிய ஸ்க்ரூவை உதட்டில் கவ்விக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியும், அது என் பழக்கம். அந்தம்மா சுவரோரமாக நின்றபடியே திடீரென்று கேட்டார்.

"என் பொண்ணு ஒம்பது வயசுல போயிட்டா. அப்ப அவளுக்காக யாரும் ஒரு ஜெபமும் பண்ணலை. எனக்கும் தெரியலை. இப்ப பண்ணினா அவளுக்குப் போய்ச் சேருமா?"

நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

கொஞ்சம் இரு என்பதுபோல உள்ளங்கையைக் காட்டினேன், அவ்வளவுதான். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஸ்க்ரூவைத் துப்பிவிட்டுப் பேசியிருக்கலாம். அந்த இடத்தில் விட்டால் அடிநூல் போகும் ஷட்டில் நகர்ந்துவிடும் என்று தோன்றியது. முடித்தேன். ஒரு துண்டுத் துணியை ஓட்டி, "பாருங்கம்மா, தையல் முத்து மாதிரி விழுது" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் துணியை வாங்கிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கேட்டது தெருமுனை வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

நான் வந்தது எதற்கு, செய்தது என்ன என்று உன்னிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வேன்?

நான்தான்


ஜூலை 3

வீட்டுக்காரருக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை காலையில் வந்தது. எப்போதும்போலப் பிரிக்காமல் கொண்டுபோனேன். கூட்டத்தில் பிரித்தேன். "இதை நீ மட்டும் படி" என்ற முதல் வரியைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சாதிக்க முடியாது. "ம், ஆரம்பி" என்றார் போதகரம்மா. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்தார்கள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லி மூடியிருக்கலாம். அது என் மூக்கின் மேலேயே இருந்தது. ஆனால் உண்மையான காரணம் கண்ணாடி இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "இன்னைக்கு வாசிக்கறதுக்கில்லை" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேண்டாத வரிகளைத் தாண்டித் தாண்டிப் போனேன், சேற்றில் கிடக்கும் செங்கல் மேல் கால் வைத்துப் போவதுபோல. நாக்கு ஒட்டியதை விட்டேன். மிஷினை விட்டேன். டெய்லரம்மா கேட்டது வந்தது. அதை விட முடியவில்லை. அப்படியே வாசித்தேன். மாடிவீட்டக்கா மூக்கை உறிஞ்சினார். "அப்புறம்? அவர் என்ன சொன்னாராம்?" என்றார் போதகரம்மா.

அடுத்த வரி என்ன என்று உங்களுக்குத் தெரியும். நான் வாசித்தது இது: "நான் எழுந்து, அந்தத் தாயோடு முழங்காலில் நின்று ஜெபித்தேன்."

ஆண்டவரே, எனக்கு எங்கிருந்து வந்தது அந்த வரி? ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. எல்லோரும் அழுதார்கள். அவர்கள் அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது, அதுதான் அசிங்கம். பிறகு அந்தம்மா இனிமேல் ஜெபத்துக்கு வருவதாகச் சொன்னார் என்று இன்னொரு வரியும் சேர்த்தேன்.

போதகரம்மா கடிதத்தைக் கேட்டார், வருகிற ஞாயிற்றுக்கிழமை சாட்சியாகச் சொல்ல. "இதுல கொஞ்சம் வீட்டு விஷயம் இருக்குங்கம்மா" என்றேன். "புருஷன் பொண்டாட்டி சமாச்சாரமாம், விடுங்கம்மா, விடுங்க" என்று எல்லோரும் சிரித்தார்கள். முதல் பொய்க்காவது அழுகை வந்தது. இதற்கு அதுகூட இல்லை.

இப்போது தினமும் வீட்டுக்கு வீடு அந்தம்மாவுக்காக ஜெபிக்கிறார்கள். ஒரு வேதாகமம் வாங்கி எல்லோரும் கையெழுத்துப் போட்டு நிலையத்து முகவரிக்கு அனுப்பப் போகிறார்களாம். முதல் கையெழுத்து என்னுடையதாம்.

நீங்கள் நம்பி எழுதியதை நான் இப்படிச் செய்துவிட்டேன். அந்த ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கொடுத்ததும் நான்தான். திட்டி எழுதுங்கள்.


ஜூலை 12

கணக்குப்பிள்ளைக்கு,

திட்ட வரவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். நீ வாசித்த வரி நான் செய்திருக்க வேண்டியது. என் உண்மையைவிட உன் பொய் நன்றாக இருக்கிறது. அதுதான் என்னைச் சுடுகிறது.

ஸ்க்ரூடிரைவரை நிலையப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டேன். மேஜை மேல் அதை உருட்டிப் பார்த்தார். "இதை வெச்சுத்தான் அந்தத் தெரு முழுக்கத் திறந்துச்சா?" என்றார். "ஆமாங்க." "நானும் அறிக்கையில பார்த்து, புதுசா வந்தவர் பரவாயில்லையேன்னு நினைச்சேன்." மாத முடிவு வரை பார்ப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகும் மிஷின் பின்னால் போனால் வீட்டுக்கு டிக்கெட் எடுத்துவிடுவாராம். உன் பெயரை நான் சொல்லவில்லை.

வெறும் கையோடு அதே தெருவில் நடப்பது பெரிய தண்டனை. ஒரு வீட்டில் மிஷினைத் துடைத்து வாசலுக்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். "இனிமே பார்க்கறதில்லைங்க" என்றேன். "ஏன், கை சுளுக்கிடுச்சா?" என்றார் அந்த வீட்டுக்காரர். "இல்லைங்க, நான் வந்தது வேற விஷயமா." "அந்த வேற விஷயத்தை இத்தனை நாளா எங்க வெச்சிருந்தீங்க?" உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிப்பது கேட்டது. இன்னொரு வீட்டில் நான் காசு எதிர்பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நாலைந்து கதவுகள் எங்களைப் பார்த்ததும் சாத்திக்கொண்டன. வாத்தியார் பாவம், அவருக்கும் சேர்த்துத்தான்.

டெய்லரம்மா வீட்டுக்குப் போனேன். "அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க" என்று ஆரம்பித்தேன். "ஏதோ பேச்சுக்குக் கேட்டேன். விடுங்க" என்றார். மறுபடி ஒருநாள் போனேன். வேலை இருக்கிறதென்றார். உண்மையிலேயே வேலை இருந்தது. மிஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

நீ அங்கே என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வேதாகமம் மட்டும் இங்கே வர வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு அந்தம்மா முன்னால் போய் நிற்க என்னால் முடியாது.


ஜூலை 27

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே ஞாயிறு வந்துவிட்டது. போதகர் மேடையிலிருந்து சொல்லிவிட்டார், "நம்ம மிஷின் கடைச் சகோதரர்" என்று ஆரம்பித்து, முழங்காலில் நின்றது வரை. சபையே திரும்பி என்னைப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது ஒருத்தர் பாக்கியில்லாமல் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினேன்.

வியாழக்கிழமை கூட்டத்தில் அந்த வேதாகமம் மேஜை மேல் இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினார்கள். வாங்கினேன். மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு மூடினேன்.

"அவர் ஜெபம் பண்ணலை. நான்தான் அப்படி வாசிச்சேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. "எந்தக் கடிதத்துல?" "அதே கடிதத்துல. அந்தம்மா கேட்டது நிஜம். அதுக்கப்புறம் நான் வாசிச்சது எதுவும் அதுல இல்லை." "இல்லாததை எப்படி வாசிப்பே?" என்றார் மாடிவீட்டக்கா, வெள்ளந்தியாக. அவருக்கு நிஜமாகவே பிடிபடவில்லை. பிடிபட்டதும் என் பக்கத்திலிருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நாங்க இத்தனை நாளா யாருக்காக ஜெபிச்சோம்?" என்று ஒருத்தர் கேட்டார். "ஜெபம் வீணாப் போகாது, ஆளுதான் மாறிப் போச்சு" என்றார் இன்னொருத்தர், என்னைப் பார்த்துக்கொண்டே. சிலர் சிரித்தார்கள். போதகரம்மா சிரிக்கவில்லை. "என் வீட்டுக்காரர் பிரசங்க மேடையில நின்னு சொல்லியிருக்காரு" என்று மட்டும் சொன்னார். அதைவிட அடித்திருக்கலாம்.

"அப்ப உன் வீட்டுக்காரர் என்னதான் செஞ்சாரு?" என்றும் கேட்டார்கள். அதைச் சொல்லவில்லை. என் தவறைச் சொல்லத்தான் எழுந்தேன், உங்களுடையதை அல்ல. சொல்லாததால் அவர்கள் பெரிதாகவே எதையோ நினைத்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். அதற்கு வழி தெரியவில்லை.

போதகர் அடுத்த ஞாயிறு திருத்திச் சொல்லிவிட்டார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வேதாகமம் அலமாரிக்குள் போய்விட்டது. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இப்போது ஜவுளிக்கடைக்காரர் மனைவி உட்காருகிறார். நான் பின்னால், செருப்பு கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில்.

வருகிறேனா இல்லையா என்று பார்ப்பார்கள் என்றே ஒவ்வொரு வாரமும் போகிறேன். அதிலும் கொஞ்சம் வீம்பு இருக்கிறது, தெரிகிறது.

மாத முடிவு நெருங்கிவிட்டது. பொறுப்பாளர் என்ன சொல்கிறார்?


ஆகஸ்ட் 2

கணக்குப்பிள்ளைக்கு,

நீ எழுந்து நின்றதைப் படித்த பிறகுதான் எனக்குக் கால் வந்தது. நான் டெய்லரம்மா வீட்டுக்குப் போய் "அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க" என்று சொன்னதெல்லாம் அவர் கேட்டதைப் பற்றி. நான் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பப் போனோம். அவர் கீழே துணி விரித்து வெட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "இன்னைக்கும் கை சுளுக்கா?" என்றார். தெருவில் அப்படித்தான் பேச்சு போலிருக்கிறது.

"கை நல்லாத்தான் இருக்கும்மா. அன்னைக்கு நீங்க கேட்டப்ப என் வாயில ஸ்க்ரூ இருந்தது. துப்பிட்டுப் பேசியிருக்கணும். உங்களைக் கையைக் காட்டி நிறுத்திட்டேன். மிஷின்தான் பெரிசாத் தெரிஞ்சுது எனக்கு."

கத்தரிக்கோல் நிற்கவில்லை. கோடு முடியும் வரை வெட்டினார். "பேசியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"தெரியலைம்மா."

"தெரியலைன்னு சொல்றதுக்கா இத்தனை தடவை வந்தீங்க?"

"ஆமாம்மா."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "உக்காருங்க" என்றார்.

பிறகு அவரே பேசினார். அந்தப் பெண் பாபினில் நூல் சுற்றித் தருவாளாம். கேட்ட நிறம் ஒன்று, சுற்றுவது ஒன்று. அம்மா திட்டினால், "இந்தச் சட்டைக்கு இதுதாம்மா நல்லா இருக்கும்" என்பாளாம். மிஷின் ஓடும் சத்தத்தில்தான் தூங்குவாளாம், நிறுத்தினால் விழித்துக்கொள்வாளாம். போன பிறகு அக்கம்பக்கத்தில் யாரும் அவள் பேச்சை எடுக்க விடுவதில்லை. எடுத்தால் "விடு, மறந்துடு" என்பார்களாம். வாத்தியார் ஒருமுறை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் முழங்காலைத் தொட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அதே கேள்வியைக் கேட்டார். போய்ச் சேருமா?

"அது எனக்குத் தெரியாதும்மா. அவ யாரு கையில இருக்கான்னு நம்பறேனோ, அவர்கிட்ட அவளைப் பத்திச் சொல்லலாம். அது மட்டும் தெரியும்" என்றேன்.

"சொல்லுங்க அப்ப."

நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. அரை மணி நேரம் ஜெபிக்கக்கூடிய வாத்தியாரும் ஆமென் என்று மட்டும் சொன்னார். அவள் பெயரை இதில் எழுதவில்லை. அது அந்த அறையிலேயே இருக்கட்டும்.

பிறகு அவர் எழுந்து நூல் வாங்கப் போக வேண்டும் என்றார். ஜெபத்துக்கு வருவதாகச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பொறுப்பாளரிடம் அறிக்கையில் அந்தத் தெருவுக்கு நேராகப் "பலன் எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். படித்தார். வாத்தியாரைப் பார்த்தார். "சரி, திங்கக்கிழமையிலிருந்து அடுத்த தெரு" என்றார். டிக்கெட் பேச்சு எழவில்லை.

இதை வாசிப்பதும் வாசிக்காததும் உன் இஷ்டம். இந்தமுறை மேலே 'நீ மட்டும் படி' என்று எழுதவில்லை.


ஆகஸ்ட் 10

வீட்டுக்காரருக்கு,

கடிதத்தை வீட்டில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு படித்தேன். அடுப்பை அணைக்க மறந்து பாத்திரம் கரிந்தது. இரண்டாம் முறை படித்த பிறகு எழுந்து தேய்த்தேன்.

நேற்றைக்கு வியாழன். கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். கையில் இருந்தால் என்னை நம்ப முடியாது.

கூட்டம் முடியும் நேரம் போதகரம்மாவே திரும்பிக் கேட்டார். அவருக்குக் கோபம் ஆறிக்கொண்டு வருகிறது. நல்லவர். "கடிதம் ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சுங்கம்மா."

"அந்த டெய்லரம்மாவைப் பத்தி எதாவது எழுதியிருக்காரா? நெஜமா எழுதியிருந்தா சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

எல்லோரும் திரும்பினார்கள். அந்தப் பொய்யை வாசித்த நாளில் பார்த்த மாதிரியே என் வாயைப் பார்த்தார்கள். பாபினும், நூலும், நீங்கள் தொடைக்குக் கீழே வைத்த கையும் என் நாக்கு நுனிவரை வந்து நின்றன. இந்தமுறை ஒரு வரிகூடக் கூட்ட வேண்டாம், உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதும். அழுதிருப்பார்கள். வேதாகமம் அலமாரியிலிருந்து வெளியே வந்திருக்கும். அவர்கள் என்னை அந்த நாற்காலிக்குத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள், எனக்குத் தெரியும். உங்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பதும் மாறியிருக்கும். அதற்காகவாவது சொல் என்று மனசு பிடுங்கியது.

"எழுதியிருக்காருங்கம்மா. அது நான் சொல்றதுக்கில்லை" என்றேன்.

போதகரம்மா முன்பக்கம் திரும்பிக்கொண்டார். "சொல்ற மாதிரி இருந்தா சொல்ல மாட்டாளா?" என்று யாரோ மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார்கள். காதெல்லாம் சூடாகிவிட்டது. செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

வரும் வழியில் மாடிவீட்டக்கா பின்னால் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். அன்றைக்குப் பிறகு இப்போதுதான் தொடுகிறார். "என்கிட்ட மட்டும் சொல்லுடி. அவரை நிலையத்துல திருப்பி அனுப்பிட்டாங்களா?"

"இல்லைக்கா. அங்கதான் இருக்காரு."

"சரி, சரி" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார். நம்பவில்லை. வீட்டுக்கு வரும்வரை கையை விடவும் இல்லை.

இனிமேல் எனக்கு நீளமாக எழுத வேண்டாம். புதுத் தெருவில் முதல் கதவை யார் தட்டினீர்கள், நீங்களா வாத்தியாரா, அதை மட்டும் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை